விளக்கு வைத்தபின் ஒரு தட்டு

பாகூர்
3 ஜூலை 2024

மதிப்பிற்குரிய நாத்தனார் பாக்யலட்சுமி அவர்களுக்கு,

இக்கடிதத்தைக் கண்டு நீங்கள் வியப்படையலாம்; கிழித்தெறியவும் செய்யலாம். கிழிப்பதாக இருந்தால் முதல் பக்கத்தையாவது படித்துவிட்டுக் கிழியுங்கள். எழுத்துகளை இவ்வளவு பெரிதாக எழுதியிருப்பது உங்களுக்காக அன்று. இதைவிடச் சிறிதாக எழுதினால் நான் எழுதியதை நானே படிக்க இயலாது.

இரண்டு கண்களிலும் புரை வளர்ந்திருக்கிறது. அறுவை செய்தால் தெளிந்துவிடும் என்கிறார்கள். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை இந்த அளவில் இருக்கும்வரை கண்ணைத் தொடமாட்டோம் என்று இருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். நம் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் காகிதத்தை, கட்டுவதற்கு முன் படித்துப் படித்தே தமிழைக் கற்றவள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த எழுத்து இப்போது என்னைவிட்டுச் சிறிது சிறிதாக நகர்ந்து போகிறது. முழுவதும் போவதற்குள் சர்க்கரையைக் கீழே இறக்கியாக வேண்டும்.

காலையும் நண்பகலும் என் ஆட்சிக்கு உட்பட்டே நடக்கின்றன. விளக்கு வைத்த பிறகுதான் ஆட்சி கைமாறுகிறது. கிழங்கு, மாவு, அரிசி என்று மனம் அலையத் தொடங்குகிறது. உணவு ஆலோசனை சொல்லும் கார்த்திகா என்ற பெண்ணிடம் இதைக் கூறினேன். “ஆன்ட்டி, அந்த நேரத்துல ரெண்டு கைக்கும் வேலை குடுங்க. போன் பேசாதீங்க. ஒரு கை சும்மா இருக்கும், அது டப்பாவத் தேடிப் போயிடும்” என்றாள்.

கடிதம் எழுத இரண்டு கைகளும் வேண்டும். எழுத ஒன்று, தாளைப் பிடிக்க ஒன்று. யாருக்கு எழுதுவது என்று எண்ணிப் பார்த்தேன். மகன் கணேஷ்குமாருக்கு எழுதினால் பெங்களூரிலிருந்து உடனே தொலைபேசியில் அழைத்துவிடுவான். மற்றவர்களும் அவ்வாறே. உங்களோடு எனக்கு ஒன்றரை ஆண்டாகப் பேச்சில்லை. ஆகவே கடிதம் எழுதத் தகுந்தவர் நீங்கள் ஒருவரே.

பதிலை எதிர்பார்க்கவில்லை. எழுதினால் தடுக்கவும் மாட்டேன்.

இப்படிக்கு,
கோகிலாம்பாள் சுப்பராயலு


கரியமாணிக்கம்
11 ஜூலை 2024

கோகிலாம்பாள் அம்மாளுக்கு பாக்யலட்சுமி எழுதுவது.

கடுதாசி வந்துச்சு. கிழிக்கல. உங்கள மாதிரி எழுத எனக்கு வராது. பேசற மாதிரிதான் எழுதுவேன், பொறுத்துக்குங்க.

கண்ணப் பத்திப் படிச்சி வருத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா நடந்தத நான் மறக்கல. எங்க அண்ணனுக்கு மொத வருஷத் திதி. சொந்தக்காரங்க எல்லாம் கூடியிருக்கோம். படத்துக்கு முன்னாடி எலை போட்டு நீங்க படைச்சது இன்னா? உப்பில்லாத சுண்டல், கேவுரு அடை, வெள்ளரிக்கா. உசுரோட இருந்தப்ப ஒம்போது வருஷம் சுகரு சுகருன்னு அந்த மனுஷன் வாயக் கட்டிப் போட்டீங்க. சரி, ஒடம்புக்காகன்னு இருந்தோம். செத்தவருக்கு இன்னா சுகரு? இதத்தான் அன்னிக்குக் கேட்டேன். இன்னிக்கும் கேப்பேன். சாப்பிடாம எழுந்து வந்தது தப்புன்னா, தப்பாவே இருந்துட்டுப் போவட்டும்.

இப்ப உங்களுக்கே வந்துடுச்சு. சந்தோஷப்படல. அவ்ளோ மோசமானவ இல்ல நானு. ஆசை வந்தா பச்சத் தண்ணி குடிங்க. எங்க வூட்டுலயும் பொழுது சாஞ்சா பசங்க பரோட்டா பரோட்டான்னு உசுர வாங்குது.

எழுத்து பெருசா இருக்கறது நல்லதுதான். கண்ணாடி போடாமயே படிச்சிட்டேன்.

பாக்யலட்சுமி


பாகூர்
19 ஜூலை 2024

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பரிந்துரைத்த பச்சைத் தண்ணீரையும் முயன்று பார்த்தேன். வயிறு நிறைந்தது, நாக்கு நிறையவில்லை.

என் நிலையைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஆசை தரும் பொருளை வீட்டிலேயே வைக்காதீர்கள் என்று கார்த்திகா அறிவுறுத்துகிறாள். அவள் சிறு பெண். அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவள். என் வீட்டின் முன்பாதி மளிகைக் கடை. கடையை ராமு பார்த்துக்கொள்கிறான் என்றாலும், கூடத்துச் சுவருக்கு அப்பால் அரிசி மூட்டையும் அவல் மூட்டையும் உருளைக்கிழங்குக் கூடையும் இருக்கின்றன. எதை எங்கே கொண்டுபோய் மறைப்பேன்?

ஆயினும் முறைப்படிதான் நடக்கிறேன். ஐந்து மணிக்கே ஒரு கிண்ணம் சுண்டல் உண்டுவிடுகிறேன். பசியோடு இருட்டைச் சந்திக்கக் கூடாது என்பது கார்த்திகாவின் கொள்கை. பிறகு ஏரிக்கரைவரை நடக்கிறேன். திரும்பும் வழியில் அந்தோணிசாமியின் பஜ்ஜிக் கடை. அவ்விடத்தில் மட்டும் சாலையின் மறுபுறம் மாறிக்கொள்கிறேன். “இன்னாம்மா, நம்ம கடையப் பாத்தா ஓரங்கட்டிப் போறியே” என்று அவர் ஒருநாள் கேட்டேவிட்டார். கோயில் மணி அடிக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடுவேன். விளக்கு வைப்பேன். அதன்பின் பேச யாரும் இல்லாத நேரம் தொடங்குகிறது. அது நீண்ட நேரம்.

என் பொருட்டு இந்த மாதத்தில் ஒரு கிழங்கைக்கூட நான் வேகவைக்கவில்லை. இது உறுதி. இருந்தும் சர்க்கரை இறங்கவில்லை. “ஆன்ட்டி, உண்மையச் சொல்லுங்க, எங்கயோ லீக் ஆவுது” என்கிறாள் கார்த்திகா. என்னைப் பொய்யுரைப்பவளாகக் கருதியவர்களில் அவளே மிக இளையவள்.

திதியன்று நடந்ததைத் தாங்கள் எழுப்பியதால் ஒன்று சொல்கிறேன். அன்று காலை அடுப்பின் முன் நின்றபோது என் கை, ஒன்பது ஆண்டுகளாகச் செய்துவந்ததையே செய்தது. அவர் இறந்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரிந்திருக்கவில்லை. தாங்கள் எழுந்து சென்ற பிறகுதான் அது இலையைப் பார்த்தது.

கோகிலாம்பாள்


கரியமாணிக்கம்
29 ஜூலை 2024

கோகிலாம்பாள் அம்மாளுக்கு,

போன வாரம் எங்க தேவேந்திரன் மாட்டுத் தீவனம் ஏத்த பாகூர் வந்திருந்தான். அத்தைய ஒரு எட்டுப் பாத்துட்டு வாடான்னு நான்தான் சொன்னேன். பேச்சில்லன்னா பாக்கக் கூடாதுன்னு இல்லியே.

அவன் வந்து சொன்னத அப்பிடியே எழுதறேன். “யம்மா, அத்த அடுப்பாண்ட நின்னு போண்டா போடுது. நான் போனதும் வாடா வாடான்னு கூப்பிட்டு நாலு போண்டா வெச்சுது. சூப்பரா இருந்துச்சு. தட்டுல இன்னும் கெடந்துச்சு. மாமா படத்துக்கு முன்னாடி வெச்சிருந்த தட்டும்மா.” நாலையும் தின்னுட்டு வந்துதான் கோள் சொல்றான், அந்த யோக்கியன்.

உங்களுக்காக ஒரு கெழங்கு வேகவெக்கலன்னு எழுதினீங்க. அப்ப அது யாருக்கு? அன்னிக்கு அமாவாசையும் இல்ல, கிருத்திகையும் இல்ல. வெறும் செவ்வாக்கெழம.

பெரிய எழுத்தா எழுதினா மட்டும் போதாது. உள்ளத எழுதுங்க.

பாக்யலட்சுமி


பாகூர்
5 ஆகஸ்ட் 2024

நாத்தனார் அவர்களுக்கு,

தேவேந்திரன் கண்டது உண்மை. நான் எழுதியதும் பொய்யன்று. வாக்கியத்தை அவ்வாறு அமைத்திருந்தேன், அவ்வளவே.

திதிக்கு மறுநாள் மாலை விளக்கு வைத்துவிட்டு உட்கார்ந்தேன். உறவினர் அனைவரும் புறப்பட்டுப் போயிருந்தார்கள். தாங்கள் கேட்ட கேள்வி மட்டும் போகாமல் கூடத்திலேயே இருந்தது. செத்தவருக்கு என்ன சுகர்? எழுந்துபோய் உருளைக்கிழங்கு வேகவைத்து, போண்டா பொரித்து, அவர் உண்ணும் தட்டில் வைத்து, படத்தின் முன் கற்பூரம் காட்டினேன். உயிரோடிருந்த காலத்தில் அந்த நேரத்தில்தான் அடுக்களை வாசலில் வந்து நிற்பார். “இன்னா புலவரே, இன்னிக்கும் சுண்டல்தானா?” என்பார். நானும் சுண்டல்தான் என்பேன்.

மறுநாளும் படைத்தேன். அதற்கு மறுநாள் மரவள்ளிக்கிழங்கு, கடுகும் மிளகாயும் தாளித்து. பிறகு அதை நிறுத்துவதற்கு ஏற்ற நாள் ஒன்று வாய்க்கவேயில்லை.

படைத்ததை என்ன செய்வது என்று கேட்பீர்கள். இருட்டிய பின் காகம் வராது. ராமு கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். இறந்தவருக்குப் படைத்ததை அக்கம்பக்கத்தில் கொடுத்தால் முகம் சுளிப்பார்கள். குப்பையில் கொட்ட எனக்கு மனம் ஒப்பாது. உங்கள் வீட்டில் படைத்தால் ஆளுக்கு ஒரு துண்டு வரும். படையல் என்பதே அப்படிப் பகிர்வதற்குத்தான். இங்கே தட்டு முழுவதும் ஒருத்திக்கு.

சுண்டல் உண்டு, ஏரிக்கரைக்கு நடந்து, அந்தோணிசாமியின் கடையைத் தவிர்த்து, கடிதமும் எழுதி முடித்துவிட்டு, நாள்தோறும் அந்தத் தட்டின் முன் வந்து உட்கார்கிறேன்.

நேற்று ஆடி அமாவாசை என்பதால் சற்று அதிகமாகவே படைத்தேன். இன்று காலை நாளிதழை விரித்தேன். தலைப்புச் செய்தி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. அடுத்த மாதத்துக்குள் சர்க்கரை இறங்காவிட்டால் மறுபடியும் தள்ளிவைப்பார்களாம். கண்ணில் எவ்வளவு மிஞ்சும் என்று அவர்கள் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

நிறுத்திவிடு என்று மட்டும் எழுதாதீர்கள். அவரைப் பட்டினி போட்டுவிட்டு நான் படிக்கமாட்டேன்.

கோகிலாம்பாள்


கரியமாணிக்கம்
9 ஆகஸ்ட் 2024

அண்ணி,

கடுதாசியப் படிச்சிட்டு மறுபடி மொதல்லேந்து படிச்சேன். “இன்னாத்த, யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லயா”ன்னு எங்க மருமவ ப்ரீத்தி பக்கத்துல வந்து ஒக்காந்துட்டா.

அன்னிக்கு நான் கேட்டது கேட்டதுதான். ஆனா கேட்டுட்டு நான் என் வூட்டுக்கு வந்துட்டேன். இங்க புள்ள, மருமவ, பேரப்பசங்கன்னு இருந்தேன். நீங்க அந்தக் கேள்வியோட தனியா இருந்திருக்கீங்க. அத நான் யோசிக்கவே இல்ல.

நிறுத்தச் சொல்லல. எடத்த மாத்தச் சொல்றேன். அண்ணன் பொறந்த ஊரு இது. இங்க வந்து சாப்பிட அவருக்கு வழி தெரியாதா? எங்க பெரியப்பா வூட்டுல படைக்க ஆளில்லாமப் போனப்ப இப்பிடித்தான் செஞ்சாங்க. சாப்பிடற தட்டத் துணி போட்டு மூடி, வாசப்படில நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டு, எடுத்துக்கினு வந்துடணும். வழியில யார்கிட்டயும் பேசக் கூடாது. பேசினா கூட வர்றவங்க அங்கயே நின்னுடுவாங்களாம்.

ஞாயித்துக்கெழம வர்றேன். தட்டக் கழுவி வெய்ங்க. பெரிய வாணலியையும் குடுத்துடுங்க. அது அங்க இருந்தா உங்க கை சும்மா இருக்காது. நான் உள்ள வந்து ஒக்கார மாட்டேன், கூப்பிட வந்தவ ஒக்காரக் கூடாது. கோவம்னு நெனச்சிக்காதீங்க.

பாக்யம்


கரியமாணிக்கம்
12 ஆகஸ்ட் 2024

அண்ணி,

நல்லபடியா வந்து சேந்துட்டோம்.

பஸ்ல கண்டக்டர் வந்து எத்தினின்னு கேட்டான். பேசக் கூடாதே. ரெண்டு வெரலக் காட்டிட்டேன். அவன் பக்கத்து சீட்டப் பாத்தான். அதுல உங்க வாணலி ஒக்காந்துக்கினு இருக்குது. “இன்னா ஆயா, வாணலிக்கும் டிக்கெட்டா”ன்னு சிரிச்சான். பஸ்ஸே சிரிச்சுது. நான் சிரிக்கல. வாணலிய எடுத்து மடில வெச்சிக்கினேன். நடுவுல ஒரு பொம்பள ஏறி அங்க ஒக்காரப் பாத்துச்சு. கைய நீட்டி மறிச்சிட்டேன். அது என்னப் பைத்தியம்னு நெனச்சிருக்கும். நெனச்சிக்கட்டும். எங்க அண்ணனுக்கு ஜன்னலோரம்தான் புடிக்கும்.

நேத்து போண்டா. ஆளுக்கு ஒண்ணு எடுத்தோம், தட்டு காலியாயிடுச்சு. ப்ரீத்தி உப்பு தூக்கலாப் போட்டுட்டா. அவரு ஒண்ணும் சொல்லிக்கல.

டிக்கெட்டு ரெண்டையும் வெச்சிருக்கேன்.

பாக்யம்


பாகூர்
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பாக்யம்,

இனி உன்னை நீ என்றே எழுதப் போகிறேன். தட்டையும் வாணலியையும் தூக்கிக்கொண்டு போனவளிடம் மரியாதைப் பன்மை எதற்கு?

அன்று நீ வாசற்படியில் நின்று “அண்ணே, வா, நம்ம வூட்டுக்குப் போவலாம்” என்று கூப்பிட்டாயே, பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை அழைப்பதுபோல். அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எனக்கு முன்னால் நடந்து போவார், திரும்பிப் பார்ப்பார் என்று ஏதோ ஒரு மூடத்தனம். நீயும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பது விதியாக இருக்கலாம். நான் கேட்கவில்லை.

முதல் மூன்று மாலைகள் எளிதாக இல்லை. இத்தனை நாளும் அவருக்காகத்தான் பொரித்தேன் என்று நம்பியிருந்தேன். தட்டு போன பிறகும் விளக்கு வைத்ததும் என் வாயில் நீர் ஊறுகிறது. ஆகவே அந்த ஆசையில் ஒரு பங்கு என்னுடையதுதான். அதை அவர் பெயரில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருநாள் கடைக்குள் போய் இருட்டில் அவல் மூட்டைக்குள் கையை விட்டுவிட்டேன். கை நிறைய எடுத்து, நின்று, மறுபடியும் மூட்டையிலேயே போட்டேன். அதை நான் வெற்றி என்று சொல்லமாட்டேன். அன்று என்னைத் தடுத்தது மன உறுதியும் அன்று. யாருக்காக என்று கேட்டால் சொல்வதற்கு ஆள் இல்லை.

இப்போது ஒரு முறையைக் கண்டிருக்கிறேன். ஆசை அலைபோல் வருகிறது. எழுந்து உச்சிக்குப் போய்த் தானே விழுகிறது. அதுவரை மோர்க் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது விழுந்த பிறகு வீடு மிகவும் அமைதியாகிவிடுகிறது. முன்பு எண்ணெய் கொதிக்கும் ஓசையாவது இருந்தது.

அவர் உன் வீட்டில் பேரப்பிள்ளைகள் நடுவே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணிப் பார்க்கிறேன். மகிழ்ச்சியாக இருக்கிறது. பொறாமையாகவும் இருக்கிறது. எந்த உணர்ச்சி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு நான் கற்கவில்லை.

உப்பைக் குறைக்கச் சொல்.

கோகிலாம்பாள்


கரியமாணிக்கம்
8 செப்டம்பர் 2024

அண்ணி,

நேத்து புள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்ட அண்ணனுக்கும் வெச்சோம். சின்னப் பேரன் “தாத்தா பூரணத்த மட்டும் தின்னுட்டு மாவ வெச்சிட்டாரு”ன்னு சொல்லிட்டு அவன்தான் பூரணத்த நோண்டித் தின்னிருக்கான். ப்ரீத்தி இப்ப உப்பு சரியாப் போடறா. ஆனா உங்க கை வராது. அத நானே சொல்றேன், எழுதி வெச்சிக்குங்க.

ரெண்டு நாளு படைக்க மறந்துட்டோம். பசங்களுக்குப் பரிச்ச. உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு எழுதறேன். மறந்த அன்னிக்கு ஒண்ணும் ஆவல. வூடு எப்பவும் போல சத்தமாத்தான் இருந்துச்சு. அவரும் அந்தச் சத்தத்துல ஒக்காந்திருப்பாரு, அவ்ளோதான். தினம் வெக்கணும்னு இல்லபோல இருக்குது அண்ணி.

சுகரு எவ்ளோ இருக்குது? அத எழுதாம ஊர்க்கதை எல்லாம் எழுதறீங்க.

பாக்யம்


பாகூர்
3 அக்டோபர் 2024

அன்புள்ள பாக்யம்,

சர்க்கரை இறங்கிவிட்டது. கார்த்திகா அறிக்கையை இருமுறை பார்த்துவிட்டு, “லீக்க அடச்சிட்டீங்களா ஆன்ட்டி” என்றாள். குழாயையே நாத்தனார் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வரும் வியாழக்கிழமை வலக்கண்ணில் அறுவை. மறுநாள் கட்டை அவிழ்ப்பார்கள். கணேஷ்குமார் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறான். ஞாயிறு மாலை திரும்பிவிடுவான்.

நேற்று மகாளய அமாவாசை. தெருவில் எல்லா வீடுகளிலும் படையல். நான் விளக்கு மட்டும் வைத்தேன். ராமு கடையைச் சாத்தும்போது எட்டிப் பார்த்து, “இன்னாம்மா, ஐயாவுக்கு ஒண்ணும் வெக்கலியா?” என்றான். ஐயா ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். அவன் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். அவன் போன பிறகுதான், அவர் உயிரோடிருந்தபோது ஒருமுறைகூட என்னை விட்டுவிட்டு இரண்டு நாளுக்குமேல் ஊருக்குப் போனதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

நீ மறந்த இரண்டு நாள்களைப் பற்றி எழுதியிருந்தாய். முதலில் கோபம் வந்தது. பிறகு இங்கே நான் ஒருநாள்கூட மறக்க முடியாமல் இருந்ததை எண்ணிப் பார்த்தேன். மறப்பதற்கும் வீட்டில் நான்கு பேர் வேண்டும்போலும்.

இனி ஒரு வேண்டுகோள். படம் மட்டும் இங்கேயே இருக்கிறது. அதன் எதிரே எத்தனையோ நாள் தட்டு வைத்திருக்கிறேன். ஆனால் புரை வளர்ந்த பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. சட்டத்துக்குள் வெண்மையாக ஒன்று இருக்கும். அது அவர் என்று எனக்குத் தெரிந்ததால் அவராக இருந்தது. கட்டை அவிழ்த்த பிறகு நாளிதழைத்தான் முதலில் படிப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் மட்டும் மாற்றிச் சொல்கிறேன்.

கணேஷ்குமார் புறப்பட்டுப் போனபின், திங்கட்கிழமை விளக்கு வைப்பதற்குள் நீ வந்தால் நல்லது. இம்முறை உள்ளே வந்து உட்காரலாம். பேருந்தில் இரண்டு சீட்டு வாங்கு. ஜன்னலோரத்தை அவருக்கு விடு. இங்கே போண்டா கிடையாது, கிழங்கு கிடையாது, சுண்டல்தான் இருக்கும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி அழைத்து வா. அதற்கும் சம்மதித்தால் வரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி